கப்பல் வரும், காத்திரு

கப்பல் வேலை என்றதும் வெள்ளைச் சட்டையும் தோளில் தங்கப் பட்டையும்தான் ஊராருக்குத் தெரிகிறது. எங்கள் தூத்துக்குடித் தெருப் பையன் முடித்ததோ ஜி.பி. ரேட்டிங்: ஆறு மாதப் பயிற்சி, அப்புறம் ஆயுசுக்கும் துரு சுரண்டிப் பெயின்ட் அடிப்பது. அதற்கும் முதலில் ஒரு கப்பல் வேண்டுமே!

கடலோடிப் பதிவுக்கான இண்டோஸ் எண், கடலோடிக் கையேடான சி.டி.சி., தீயணைக்க ஒரு சான்றிதழ், கடலில் விழுந்தால் பிழைக்க இன்னொன்று. "எல்லாம் சரி தம்பி, அனுபவம் இருக்கா?" என்றார் ஏஜென்ட். ஏறாத கப்பலில் அனுபவம் எங்கிருந்து வரும்? அது ஏஜென்ட்டுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அடுத்து ஒரு தொகையைச் சொன்னார்.

வேலை வாங்கித் தரக் கடலோடியிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்கிறது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. 2015இல் இந்தியாவும் அதை ஏற்றது. ஏஜென்ட்டும் ஏற்றுக்கொண்டவர்தான், அவர் வாங்குவது கட்டணமில்லை, 'சர்வீஸ் சார்ஜ்'. ரசீது மட்டும் கேட்கக் கூடாது.

(மணிலாவில் ரொக்கத்துக்குப் பதில் உழைப்பு. ஆள்சேர்ப்பு அலுவலகங்களில் கப்பல் ஆசையோடு சம்பளமின்றி எடுபிடி வேலை பார்க்கும் இளைஞர்களுக்குப் பெயர் 'யூட்டிலிட்டி'.)

பையனிடம் நேற்று கேட்டேன், "எந்தக் கப்பல்லடே?"

"வரப்போற கப்பல்ல, அண்ணாச்சி."