உக்காழில் பவர்பாயிண்ட் கிடையாது

துபாயில் நம்மவர் விழா ஒன்றில், "ரெண்டே ரெண்டு நிமிஷம்" என்று சொல்லி ஒருவர் மைக்கைப் பிடித்தால் அரங்கில் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவரைத் திட்டாதீர்கள். இந்த மேடைப் பித்து அரபு மண்ணின் வியாதி. வயது ஆயிரத்து நானூறுக்கும் மேல்!

இன்றைய சவூதியின் தாயிஃப் பக்கத்தில் உக்காழ் என்றொரு சந்தை கூடும். துல்கஅதா மாதம், போர் கூடாத புனித மாதம். தோல், பேரீச்சை, அடிமை, ஒட்டகம் எல்லாம் விற்பார்கள். குலப்பகைக்காரர்கள்கூட ஆயுதத்தை உறையில் போட்டுவிட்டுத்தான் வருவார்கள். வாயைப் போட்டு மூட உறை ஏது?

ஆக, கவிதைப் போட்டி. அந்தக் காலத்து சூப்பர் சிங்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜட்ஜ் அந்நாபிகா. அவருக்கென்றே தனியாகச் சிவப்புத் தோல் கூடாரம் போட்டார்கள். ஐயாவின் பயோடேட்டா? ஹீரா நாட்டு மன்னன் நுஃமானின் அரசவைக் கவிஞராக இருந்தவர். ராணியின் அழகைக் கொஞ்சம் கூடுதல் விவரத்தோடு பாடிவிட்டு, ராஜாவுக்குக் கோபம் வந்ததும் ஊரைவிட்டே ஓடியவர் என்று கதை. அப்புறம் மன்னிப்புக் கேட்டுப் பாடினார் பாருங்கள், அவைதான் அவருடைய சூப்பர் ஹிட்!

அவர் முன்னால் முதலில் அல்அஃஷா பாடினார். பிறகு ஹஸ்ஸான் இப்னு தாபித். அடுத்து அல்கன்ஸா என்ற பெண். இறந்துபோன அண்ணன் தம்பிக்காகப் பாடியே பேர் வாங்கியவர். ஜட்ஜ் உருகிவிட்டார். அஃஷா மட்டும் முந்திக்கொள்ளாமல் இருந்திருந்தால் பட்டம் உனக்குத்தான் அம்மா என்கிற ரீதியில் பாராட்டு. ஹஸ்ஸானுக்குப் பொறுக்குமா? உன்னைவிடவும் அவளைவிடவும் நானே பெரிய கவி என்று எகிறினார்.

நாபிகா நிதானமாக ஹஸ்ஸானின் கவிதையில் ஆபரேஷனை ஆரம்பித்தார். விருந்துக் கிண்ணங்கள் என்றாயே, ஏன் நாலைந்து மட்டும் இருப்பதுபோலச் சொன்னாய்? பகலில் மின்னுகின்றன என்றாய், பகலில் எதுதான் மின்னாது? வாளிலிருந்து ரத்தம் சொட்டுகிறதாமே, ஓடினால் என்ன குறைந்துபோகும்? நம்ம நக்கீரர் அங்கே போயிருந்தால் அசிஸ்டெண்டாகத்தான் சேர்ந்திருப்பார். இதெல்லாம் பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் கட்டிவிட்டது என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. இருக்கட்டுமே, ரியாலிட்டி ஷோவில் எது ரியாலிட்டி?

இந்தப் பீற்றல் திருவிழாவுக்கு நடுவே ஒருவர் ஒட்டகத்தின் மேலிருந்தபடி பேசினார். இயாத் குலத்து குஸ் இப்னு சாஇதா. குலப்பெருமை கிடையாது, வாள் கிடையாது, கிண்ணம் கிடையாது. பிறந்தவன் சாவான், வருவது வந்தே தீரும், வானத்தைப் பார், யோசி. இவ்வளவுதான் சாரம். மூன்று நான்கு சொல்லில் ஒரு வாக்கியம், முடிவில் ஓர் இயைபு. அந்தப் பேச்சை இளமையில் கேட்டிருந்த நபிகள் நாயகம், பல வருடம் கழித்து அந்தக் குலத்தார் வந்தபோது குஸ்ஸைப் பற்றி விசாரித்தார் என்கிறது மரபு. போன வாரம் ஆபீஸில் பார்த்த நாற்பது ஸ்லைடில் உங்களுக்கு எது ஞாபகம் இருக்கிறது?

ஸ்டைலும் இல்லாமல் இல்லை. கைத்தடியில் சாய்ந்துகொண்டு பேசிய முதல் ஆள் குஸ்தான் என்பார்கள். பின்னால் வந்தவர்கள் சுருக்கத்தை விட்டுவிட்டுத் தடியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பேச்சுக்கும் குச்சிக்கும் என்னய்யா சம்பந்தம் என்று அரபி அல்லாதவர்கள் சிரித்தார்கள். 9ஆம் நூற்றாண்டில் பஸ்ராவின் அல்ஜாஹிஸ் பொங்கி எழுந்தார். பேச்சுக்கலை பற்றிய தம் பெரும் நூலில் கைத்தடிக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கி வக்காலத்து வாங்கினார். சுருக்கமாகப் பேசியவரின் தடிக்கு வந்த வாழ்வு!

அதே ஜாஹிஸ் கொண்டாடும் இன்னொருவர், வளைகுடாவின் தலைமாட்டில் இருக்கும் அதே பஸ்ராவில் வாழ்ந்த வாஸில் இப்னு அதா. 748இல் இறந்தவர், பெரிய தத்துவவாதி. ஒரே சிக்கல், நாக்கில் 'ர' வராது. அரபியில் 'ர' இல்லாமல் பேசுவது மிளகாய் இல்லாமல் ஆந்திரா சமைப்பது மாதிரி. மனிதர் அசரவில்லை. அந்த எழுத்து வரும் சொற்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு வேறு சொல் போட்டே பேசினார். இராக் கவர்னர் முன்னால் பெரிய பேச்சாளர்கள் வரிசையாக முழங்கியபின் எழுந்து, ஒரு 'ர'கூட இல்லாமல் முழு உரையாற்றி அத்தனை பேரையும் தூக்கிச் சாப்பிட்டார். இந்தக் குறை நம்மூர்க்காரர்களுக்கு இருந்திருந்தால் "தலைவர் அவர்களே" என்று தொடங்கவே முடியாது. எத்தனை மணி நேரம் மிச்சம்!

உக்காழ் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அபுதாபியில் 2006 முதல் 'மில்லியன்ஸ் போயட்' என்ற டிவி போட்டி நடக்கிறது. நபதி எனும் பேச்சுவழக்குக் கவிதை, ஜட்ஜுகள், ரசிகர் ஓட்டு, மில்லியன் கணக்கில் திர்ஹாம். கூடாரத்துக்குப் பதில் அல் ராஹா பீச் தியேட்டர்.

2010இல் அந்த மேடைக்கு சவூதியிலிருந்து ஹிஸ்ஸா ஹிலால் வந்தார். கண்ணைத் தவிர மற்றதெல்லாம் கறுப்புத் துணிக்குள். முகபாவம், புன்னகை என்று பயிற்சியாளர்கள் காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் எதுவும் அவர் கையில் இல்லை. குரலும் சொல்லும் மட்டும். அதைக் கொண்டு கடும் ஃபத்வா கொடுக்கும் மதவாதிகளை வெளுத்து வாங்கினார். கொலை மிரட்டல் வந்தது, உலகப் பத்திரிகைகளும் வந்தன. கிடைத்தது மூன்றாம் இடம், 30 லட்சம் திர்ஹாம். அந்த வருடம் முதல் பரிசு வாங்கியவர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம், கூகுள் பண்ணாமல்!