தாமானுக்கொரு பையம்மா

மலாக்கா மாநிலத்தில் தமிழர் குடியிருக்கும் தாமான் எதுவானாலும் சரி, அலோர் காஜாவோ, ஜாசினோ, மெர்லிமாவோ, அங்கே ஒரு பையம்மா கட்டாயம் இருப்பார். வீட்டு எண் கேட்டு அலைய வேண்டாம்; துணிக்கொடியைப் பார்த்தால் போதும். புடவைக்கும் பேரனின் பள்ளிச் சட்டைக்கும் நடுவில், கழுவிய பிளாஸ்டிக் பைகள் தலைகீழாகக் கிளிப்பில் தொங்கினால் அதுதான் வீடு. நேற்று இவர் எந்தக் கடைக்குப் போனார், மீன் வாங்கினாரா, கோழி வாங்கினாரா என்பதை எதிர்வீட்டுக்காரர் அந்தக் கொடியைப் படித்தே சொல்லிவிடுவார்.

வயது அறுபத்தைந்துக்கு மேல். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படிப்பு. தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்தை இடித்தபோது, தாமானில் மலிவு விலை வீடு எடுத்துக் குடிவந்தவர். சுற்றுச்சூழல் என்ற சொல் இவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. மின்னல் பண்பலையில் யாராவது பூமியைக் காப்பாற்றுவது பற்றிப் பேச ஆரம்பித்தால், சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவார். அந்தப் பாத்திரம் ஐஸ்கிரீம் டப்பாவாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

இவரைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்கு மாமாக் கடை முகப்புக்குப் போக வேண்டும். சாதாரண மனிதர் மூன்று ரொட்டி சானாயும் இரண்டு தே தாரேக்கும் பொங்குஸ் கட்டச் சொன்னால் கூடவே வருவதை எண்ணிப் பாருங்கள். பருப்புக்கு ஒரு சின்னப் பை, மீன் குழம்புக்கு ஒன்று, சம்பாலுக்கு ஒன்று, தேத்தண்ணிக்கு இரண்டு, கட்டித் தூக்கக் கயிறு இரண்டு, ஸ்ட்ரா இரண்டு, இத்தனையையும் போட ஒரு பெரிய பை. சாப்பிட்டு முடிக்கப் பத்து நிமிடம் ஆகாது. பையம்மா நாலடுக்கு டிபன் கேரியரை மேசை மேல் வைத்துத் தட்டுகளைப் பிரித்துப் பரப்புவார்.

“தம்பி, இதுல பருப்பு, இதுல மீன் கொழம்பு. ரொட்டிய மேல் தட்டுல வெச்சிடு. தேத்தண்ணி இந்த பிளாஸ்க்குல.”

“அம்மா, பையில ஊத்துனாதான் எனக்கு அளவு தெரியும்.”

“பையில ஊத்துற அளவ சட்டியில ஊத்துப்பா. நான் என்ன பையவா திங்கப்போறேன்?”

பின்னால் வரிசை நீளும். ஒருவர் கார்ச் சாவியை விரலில் சுற்றுவார். இன்னொருவர் வேண்டுமென்றே இருமுவார். பையம்மா திரும்பிப் பார்க்க மாட்டார். சட்டி அகலமாக இருப்பதால் தம்பியின் கை தன்னையறியாமல் இன்னும் ஒரு கரண்டி ஊற்றிவிடும். அந்தக் கணக்கை இவர் யாரிடமும் சொல்வதில்லை.

நம்மிடம் டிபன் கேரியர் இல்லையா? யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்தது அலமாரி மேல்தட்டில் உறையோடு இருக்கிறது. நம்மைத் தடுப்பது வெட்கம் ஒன்றுதான். கடைக்காரன் கஞ்சன் என்று நினைப்பானோ, பின்னால் நிற்பவர் முணுமுணுப்பாரோ, அலுவலகத்து ஆள் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற கவலை. வீட்டில் சேரும் பிளாஸ்டிக்கில் பாதி, வேண்டாம் என்று சொல்லக் கூசியதால் வந்தது என்பது என் கட்சி. பையம்மாவுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. கடவுள் கொடுக்க மறந்துவிட்டார்.

அரசாங்கம் இந்தக் கூச்சத்தைப் போக்கப் படிப்படியாகப் பாடுபட்டிருக்கிறது. 2009இல் பினாங்கு திங்கட்கிழமைகளில் இலவசப் பை கிடையாது என்றது. 2011இல் நாடு முழுதும் சனிக்கிழமை பையில்லா நாள் ஆனது. பிறகு பைக்கு இருபது காசு வந்தது. 2018இல், ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2030க்குள் ஒழிப்பதற்குத் தேசியத் திட்டவரைவு வெளியானது. பையம்மாவுக்கு வாரத்தில் ஏழு நாளும் சனிக்கிழமை. பேரங்காடியில் காசாளர் பெண் “பிளாஸ்தேக், ஆன்ட்டி?” என்று கேட்டதும் கைப்பையைத் திறப்பார். அதிலிருந்து ஒரு பை வரும். அந்தப் பைக்குள்ளிருந்து முக்கோணமாக மடித்த இன்னொரு பை வரும். அதற்குள் மூன்றாவது. அதற்குள் போன மாத ரசீதும் இரண்டு ரப்பர் பேண்டும். ரப்பர் பேண்ட் அங்கேயே மணிக்கட்டுக்கு ஏறிவிடும்.

இந்த ரப்பர் பேண்ட் விஷயத்தில்தான் இவருடைய பூர்வீகம் இருக்கிறது. பால் வெட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: விடியற்காலையில் கத்தியை வைப்பதற்கு முன், முதல் நாள் வெட்டில் கோடாகக் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுக்க வேண்டும். பால் வடியும் மங்கின் அடியில் உறைந்திருக்கும் கட்டிப்பாலையும் பிடுங்கிப் பைக்குள் போட வேண்டும். பாலுக்குத் தனி நிறுவை, இதற்குத் தனி நிறுவை. விலை குறைவு, ஆனாலும் விலை உண்டு. மரத்தில் ஒட்டியிருப்பதையே உரித்து எடைபோட்டு அரிசி வாங்கிய குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவரிடம் போய், இந்தப் பையை ஒரு தடவை பிடித்துவிட்டு எறியுங்கள் என்றால் எப்படி எறிவார்? தோட்டத்தில் குப்பையென்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. வாழையிலை மாட்டுக்கு, சாம்பல் பாத்திரம் துலக்க, மைலோ டின் தேத்தண்ணி கொண்டுபோக. எண்ணெய்க்குப் போத்தலைக் கையோடு கொண்டுபோவார்கள். பருப்பும் சீனியும் பழைய பேப்பரில் பொட்டலமாக வரும். குப்பை லோரியை இவர் முதன்முதலாகப் பக்கத்தில் பார்த்தது தாமானுக்கு வந்த பிறகுதான்.

இனி தீபாவளி டப்பாவுக்கு வருவோம். இதில் பையம்மா ஒரு தனி ராஜ்ஜியமே நடத்துகிறார்.

சிவப்பு மூடி போட்ட, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாக்களை மலேசியாவில் தெரியாதவர் இல்லை. எல்லாரும் ஒவ்வொரு பெருநாளுக்கும் புதிதாக டசன் கணக்கில் வாங்குவார்கள். பையம்மா வாங்கி எத்தனையோ காலம் ஆகிறது. தீபாவளிக்கு முறுக்கும் நெய்யுருண்டையும் நிரப்பி, பக்கத்து வீட்டுச் சீனர், எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக், முனை வீட்டு ஆசிரியர் எல்லாருக்கும் கொடுத்தனுப்புவார். ஒவ்வொன்றின் அடியிலும் நகப்பாலிஷால் ஒரு புள்ளி. பிறர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம் மட்டுமில்லை. அவர்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். ஆகவே முறுக்கு போன டப்பா சீனப் புத்தாண்டுக்குக் குவே காபிட்டோடு திரும்பி வரும். நோன்புப் பெருநாளுக்கு இன்னொன்று அன்னாசி தார்ட்டோடு வரும். கழுவிக் காயவைத்து அடுத்த தீபாவளிக்கு ஏற்றிவிடுவார். புள்ளி அழிந்தால் புதுப்பூச்சு.

திரும்பாத டப்பாதான் இவர் தூக்கத்தைக் கெடுக்கும். கேட்கவும் மாட்டார், மறக்கவும் மாட்டார். வேலியோரம் நின்று, “உங்க வீட்டு முறுக்கு தீந்துருச்சாம்மா?” என்று மட்டும் விசாரிப்பார். முறுக்கு தீர்ந்து ஐந்து மாதம் ஆகியிருக்கும். புரிந்துகொள்ள வேண்டியவர்கள் புரிந்துகொள்வார்கள். ஆசிரியர் ஒருமுறை உடைந்த மூடியோடு திருப்பிக் கொடுத்தார். அடுத்த தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு முறுக்கு பேப்பரில் போனது.

கண்ணாடிப் போத்தலுக்கும் இங்கே மரியாதை உண்டு, ஒன்றைத் தவிர. மலாக்காவின் சிஞ்சாலோக் போத்தலில் எத்தனை தடவை எலுமிச்சை தேய்த்தாலும் அந்த இறால் வாசம் போகாது. நெய் ஊற்றிப் பார்த்தார். வீடே இரண்டு நாள் கடற்கரை. அதிலிருந்து அந்தப் போத்தலில் ஆணி மட்டும்.

சட்டத்துக்கும் இவருக்கும் உள்ள உறவு விநோதமானது. திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பர் 1 முதல் மலாக்காவிலும் நடப்புக்கு வந்தது. 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். 2016 ஜூனிலிருந்து பிரிக்காதவருக்கு அபராதம், முதல் தடவைக்கு 50 வெள்ளி. வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பைக்கும் ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளுக்கும் லோரி வரும். அந்த ஒரு நாள் பையம்மா வீட்டு வாசல் துடைத்துவிட்டதுபோல் கிடக்கும். பிரிக்காமல் இல்லை. பேப்பரும் அட்டையும் அலுமினிய டின்னும் பின்கட்டில் தனித்தனியாக அடுக்கியிருக்கும். அதெல்லாம் ஒலிபெருக்கியில் “பேப்பர் லாமா” என்று கூவிக்கொண்டு வரும் லோரிக்கு. அந்தத் தராசு பொய் சொல்லும் என்பது இவர் தீர்மானம். வீட்டிலேயே ஒரு தடவை நிறுத்து வைத்திருப்பார். காசு கொடுத்து எடுப்பவன் இருக்கும்போது அரசாங்கத்துக்கு எதற்குச் சும்மா கொடுப்பது என்பது இவர் பொருளாதாரம்.

ஆனால் அந்த லோரிக்காரரும் தொடாத பொருள் ஒன்று உண்டு: மெல்லிய பிளாஸ்டிக் பை. எடை இல்லை, எண்ணெயும் குழம்பும் ஒட்டியிருக்கும், இயந்திரத்தில் சுற்றிக்கொண்டு சிக்கும். விலை போகாத பொருள் கடைசியில் சுங்கை ஊடாங் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும். ‘இது ஒருத்தனும் வாங்காத சாமான்’ என்பதைப் பையம்மா யாரும் சொல்லாமலே கண்டுபிடித்தார். வாங்குவார் இல்லாத சாமானை வீட்டுக்குள் விடாதே என்ற கொள்கையும் அன்றைக்கே பிறந்தது.

2018இல் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும் மேல்நாட்டுக் குப்பையெல்லாம் மலேசியத் துறைமுகங்களுக்குத் திரும்பியது. 2020 ஜனவரியில், 150 கொள்கலன்களை 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பிவிட்டதாக அமைச்சர் அறிவித்தார். அந்தச் செய்தியை மகன் வாசித்துக் காட்டியபோது பையம்மா சொன்ன மாதிரி எந்த நிபுணரும் சொன்னதில்லை: “அன்னிக்கு ரப்பர ஏத்திக்கிட்டுப் போனான். இன்னிக்குக் குப்பைய எறக்கிட்டுப் போறானா?”

மகன் நல்லவன். கோலாலம்பூரில் வேலை. கருத்தரங்குகளில் கொடுத்த துணிப்பைகள் கார் பின்பெட்டியில் முப்பது நாற்பது இருக்கும். ஒவ்வொன்றிலும் பூமியின் படம். கடைக்குள் போன பிறகுதான் பை காரில் இருப்பது நினைவுக்கு வரும். இருபது காசு கொடுத்துப் புதிதாக ஒன்று வாங்கி, வருத்தப்பட்டுக்கொண்டே வெளியே வருவான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததையும், 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசே இயக்கம் தொடங்கியதையும் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னான். தமிழ்நாட்டுக் கோயில் யாத்திரையில் வாங்கிய மஞ்சள் பையில் வெங்காயத்தைக் கொட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “இதுக்குமா விழா?” என்றார்.

மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போகும்போதும் கைப்பையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் உண்டு. தண்ணீர்ப் பந்தலில் இளைஞர்கள் பிளாஸ்டிக் கோப்பையை நீட்டுவார்கள். இவர் டம்ளரை நீட்டுவார். வெயில் கடுமையாக இருந்தால் மோருக்கு ஒருமுறை, பானகத்துக்கு ஒருமுறை. இவர் பந்தலைத் தாண்டிப் போன பிறகு ஒரு பையன் இன்னொருவனிடம், “நம்ம பாட்டிகூட இப்படித்தான்லா” என்பான். அது புகழ்ச்சியா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

எல்லாவற்றிலும் இவரைப் பின்பற்றச் சொல்ல மாட்டேன். கொதிக்கும் ரசத்தை ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றுவது தப்பு. அந்த டப்பா குளிருக்குச் செய்தது. வெள்ளை பாலிஸ்டிரின் பெட்டியைக் கழுவி வைப்பது அதைவிடத் தப்பு. சேர்த்து வைப்பதிலும் அளவில்லை. மக்கும் பை என்று அச்சடித்த பைகளை இரண்டு வருடம் மடித்துப் பூட்டி வைத்தார். ஒருநாள் திறந்தால் பை இல்லை, பொடிப் பொடியாகச் செதில்கள். மண்ணோடு மக்காமல் துண்டு துண்டாக உடைவதுதான் அந்த வகைப் பைகள் பலவற்றின் குணம். பையம்மா அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

டெங்கிச் சோதனைக்குச் சுகாதார அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் இவருக்குக் கை நடுங்கும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி, தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு இருந்தால் அபராதம். பின்கட்டில் இருக்கும் அத்தனை டப்பாவும் வாளியும் முதல் நாள் இரவே கவிழ்ந்துவிடும். அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்து, இத்தனை டப்பா எதற்கு ஆன்ட்டி என்று மலாயில் கேட்பார். பையம்மா பதில் சொல்லாமல், அவர் கையில் இருக்கும் தண்ணீர்ப் போத்தலைப் பார்ப்பார். குடித்து முடித்துவிட்டால் அதுவும் உள்ளே போய்விடும்.

மலாக்கா வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சமையலறை அலமாரியில், அடியில் நகப்பாலிஷ் புள்ளி வைத்த சிவப்பு மூடி டப்பா ஏதாவது இருந்தால், இந்த வாரமே கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். வெறும் டப்பாவாக வேண்டாம். கொஞ்சம் கச்சானாவது போட்டுக் கொடுங்கள். மூடியை மறந்துவிடாதீர்கள்.