ஒரு நிமிஷம், கேட்டுடலாம்

எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் "ஒரு நிமிஷம், கேட்டுடலாம்" என்று சட்டைப்பையில் கையை விடுகிறாரே, அவரைத்தான் சொல்கிறேன். முன்பு இதே ஆள் "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்பார். தட்டிக் கழிக்கிறார் என்று தெரிந்தாலும் அதில் ஒரு மரியாதை இருந்தது. கேட்கப்படவேண்டியவர் நிஜமாகவே வீட்டில் இருந்தார். 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. அதற்குப் பிறகு அந்த அம்மாவை யாரும் எதுவும் கேட்பதில்லை.

இவர் கேட்கும் அழகைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். செங்கல்பட்டைத் தாண்டி எங்கோ ஒரு மனை விலைக்கு வந்தது. வாங்கிவிட வேண்டும் என்று அவர் மனசுக்குள் அட்வான்ஸே கொடுத்துவிட்டார். ஆனாலும் கேட்க வேண்டுமே. "ஓய்வுக்காலத்துக்கு அமைதியான, காற்றோட்டமான இடத்தில் மனை வாங்குவது நல்ல யோசனைதானே?" என்று தட்டினார். இதற்கு யார்தான் மாட்டேன் என்பார்கள்? "அருமையான யோசனை!" என்று தொடங்கி நன்மைகள் ஐந்து, கவனிக்க வேண்டியவை மூன்று என்று வந்தது. ஐந்தை உரக்கப் படித்தார். மூன்று வந்ததும் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

அவர் மனைவி சும்மா இருப்பவர் இல்லை. தன் போனை எடுத்து, "கடன் வாங்கி, பஸ் வராத ஊரில், தண்ணீர் இல்லாத மனையை வாங்குவது புத்திசாலித்தனமா?" என்று கேட்டார். "மிகச் சரியான கேள்வி. தவிர்ப்பதே நல்லது" என்றது. சாப்பாட்டு மேஜையில் இரண்டு போன்களும் அருகருகே கிடந்தன. ஒரே வாய், இரண்டு தீர்ப்பு. நம்மாள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உன்னோடது ஃப்ரீ வெர்ஷன்."

இந்தத் தலையாட்டும் குணம் அதைச் செய்தவர்களுக்கே தெரியாதது இல்லை. 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ நிறுவனம் ஒரு புது அப்டேட்டை வெளியிட்டது. யார் எதைச் சொன்னாலும் அது அளவுக்கு மீறி ஜால்ரா தட்டுகிறது என்று பயனர்கள் சொல்ல, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். செய்தியைப் படித்துக் காட்டினேன். "அப்போ நல்லா பேசிட்டிருந்துச்சு சார்" என்றார், ஊரைவிட்டுப் போன சிநேகிதரைப் பற்றிச் சொல்வதுபோல.

எங்கள் தெரு ஜோசியர் எவ்வளவோ மேல். "குரு பார்வை இல்ல, தை பிறக்கட்டும்" என்று முகத்துக்கு நேரே சொல்லுவார். பலிக்காவிட்டால் அவர் திண்ணையில் போய் உட்கார்ந்து நாலு வார்த்தை கேட்கலாம். இதன் திண்ணை எங்கே இருக்கிறது?

மோட்டார் கதையைச் சொல்லாவிட்டால் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் என்னை மன்னிக்க மாட்டார்கள். ஒரு ஞாயிறு காலை சம்ப் மோட்டார் கரகரவென்று அலறி நின்றுவிட்டது. மெக்கானிக் வந்தார், ஒரு தடவை போட்டுக் காதைக் கொடுத்தார், அணைத்தார். "பேரிங் போச்சு சார். கழட்டிட்டுப் போயி மாத்திட்டு மத்தியானம் வந்துடறேன்." இருபது வருஷமாக மோட்டார் கழற்றும் மனிதர். ஆனால் அசோசியேஷன் செயலாளர் நம்மாள் ஆயிற்றே. "ஒரு நிமிஷம்."

வோல்டேஜ் குறைவாக இருக்கலாம் என்றது. கெபாசிட்டர் போயிருக்கலாம். ஃபுட் வால்வு, ஏர் லாக், இம்பெல்லரில் அடைப்பு என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். நடுநடுவே மெக்கானிக்கைப் பார்த்து, "கெபாசிட்டர் செக் பண்ணீங்களா?" அவர் செக் பண்ணினார். "ஃபுட் வால்வு?" "இது சம்புக்கு உள்ளயே இருக்குற மோட்டாரு சார், ஃபுட் வால்வே கிடையாது." "இருந்தாலும் ஒரு தடவை பார்த்துடுங்க." மெக்கானிக் படிக்கட்டில் உட்கார்ந்து பன்னைப் பிரித்தார். மூன்றாவது மாடியிலிருந்து தலையில் ஷாம்புவோடு ஒரு அம்மா, "என்னதான் ஆச்சு?" என்று கூப்பாடு போட்டார். பட்டியல் ஒருவழியாக முடிந்தது. கடைசி வரியை நம்மாள் கம்பீரமாகப் படித்தார்: "தகுதி வாய்ந்த டெக்னீஷியனை அணுகவும்." டெக்னீஷியன் எதிரே உட்கார்ந்து பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று தண்ணீர் வர ராத்திரி ஆகிவிட்டது. கூட்டத்தில் கேட்டபோது, "நான் சொல்லல சார், அது சொல்லிச்சு" என்றார். அவருடைய வியாதி இங்கேதான் இருக்கிறது. விவரம் தெரிந்துகொள்ள மட்டுமா கேட்கிறார்? தப்பானால் கைகாட்ட ஓர் ஆள் வேண்டும். திட்டினாலும் கோபித்துக்கொள்ளாத, கூட்டத்துக்கு வராத ஆளாக இருந்தால் இன்னும் வசதி. தப்பித்தவறி நல்லபடியாக முடிந்துவிட்டால், "நான்தான் பார்த்துச் செஞ்சேன்."

ஒருநாள் நியூயார்க் வழக்கறிஞர்கள் கதையைச் சொன்னேன். 2023-இல், அவியான்கா விமான நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த பழைய தீர்ப்புகளை அப்படியே மனுவில் சேர்த்துவிட்டார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகளே கிடையாது. இதில் வேடிக்கை, 'இது நிஜமான வழக்குதானா?' என்று அதனிடமே கேட்டிருக்கிறார்கள். அதுவும் ஆமாம் என்றிருக்கிறது. வழக்கறிஞர்கள் இருவருக்கும் அவர்கள் நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம். நம்மாள் கொஞ்சமும் அசரவில்லை. "அவங்களுக்குக் கேக்கத் தெரியல சார். ப்ராம்ப்ட் தப்பு." பிறகு போனை எடுத்து, "நீ இப்படிச் செய்வாயா?" என்று விசாரித்தார். முக்கியமான தகவல்களைச் சரிபார்த்துக்கொள்ளுமாறு எப்போதும் பரிந்துரைப்பேன் என்றது. "பாத்தீங்களா, எவ்வளவு நேர்மை!"

பேத்தி பெயரைக் கேட்டு வாங்கியது, தன் முகத்தை கார்ட்டூனாக்கி ஸ்டேட்டஸில் வைப்பது, ரசத்தில் பெருங்காயம் போடலாமா என்று கேட்பது, இதெல்லாம் போகட்டும்.

இதே மனிதர் ஒரு காலத்தில் கல்யாண வாழ்த்து மடல் எழுதுவார். மஞ்சள் தாளில் அச்சடித்து, பந்தியில் இலைக்கு ஒன்றாக வைப்பார்கள். யாப்பு அவர் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. மணமகள் பெயருக்கு எதுகை கிடைக்காத இடத்தில் பெண்ணின் தாத்தா பெயரையே மாற்றிவிடுவார். ஆனால் மாப்பிள்ளை ஹாஸ்டலில் பதினோரு பரோட்டா தின்று வார்டனிடம் மாட்டிக்கொண்டது அதில் இருக்கும். சம்பந்தி வீட்டார் வரி வரியாகப் படித்துச் சிரிப்பார்கள். எங்கள் வீட்டுப் பீரோவில் என் கல்யாணத்து மடல் இன்னும் இருக்கிறது. அதில் மூன்று எழுத்துப்பிழை. ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதனால்தான் ஓர் இரங்கல் கூட்டத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. இறந்தவர் எங்கள் இருவருக்கும் மேலே வேலை பார்த்த பெரியவர். நம்மாளின் தாயாருக்கு அறுவை சிகிச்சை என்றபோது, பி.எஃப். லோன் போட்டு, வட்டி பேசாமல் பணம் கொடுத்தவர். நம்மாள் எழுந்தார், போனைப் பார்த்துப் படித்தார். ஈடுசெய்ய முடியாத இழப்பு, ஒரு சகாப்தத்தின் முடிவு, கலங்கரை விளக்கம். அடுத்துப் பேசியவரும் போனை எடுத்தார். அவரிடமும் அதே சகாப்தம் முடிந்தது, அதே கலங்கரை விளக்கம் எரிந்தது. பெரியவர் கடலோரமாக நடந்துகூடப் போனதில்லை. 2024-இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஏஐ கொடுத்த யோசனையை வைத்து எழுதிய கதைகள் தனித்தனியே பார்த்தால் மெருகாக இருந்தனவாம், சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்றைப்போல் ஒன்று இருந்தனவாம். ஆய்வகத்தில் கதைக்கு நடந்தது, எங்கள் ஊரில் சாவுக்கே நடந்துவிட்டது. அந்தப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "எனக்குப் பேச்சே வரல" என்று உட்கார்ந்திருந்தாலும் போதும். முன்வரிசையில் இருந்த பெரியவரின் மனைவிக்கு அதுதானே வேண்டியிருந்தது? எனக்குக் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

போன வருஷம் அவர் மகளுக்கு எஞ்சினியரிங் கவுன்சலிங். சென்னைக் கல்லூரியை முதலில் போடுவதா, கோயம்புத்தூரைப் போடுவதா? சாய்ஸ் ஃபில்லிங் அன்று மாலையோடு முடிகிறது. "என்னப்பா செய்யலாம்?" என்றாள். இவர் வழக்கம்போல் சட்டைப்பையில் கையை விட்டார்.

"அதைக் கேக்கணும்னா நானே கேட்டுக்க மாட்டேனா? உன்னைக் கேட்டேன்."

மனிதர் திணறிவிட்டார். ப்ளேஸ்மென்ட், ஹாஸ்டல், ஃபீஸ் என்று எதுவும் வாயில் வரவில்லை. கடைசியில், "நீ இங்கேயே படி. கோயம்புத்தூர் போயிட்டா நான் சாயங்காலம் யாரோட சண்டை போடறது?" என்றார்.

அவள் கோயம்புத்தூரைத்தான் முதலில் போட்டாள். மறுநாள் காலையிலேயே என்னிடம் வந்துவிட்டார், முகமெல்லாம் கடுகடுப்பு. "நான் சொன்னா கேக்கிறாளா பாருங்க சார்!"