நல்ல படம் எடுத்துவிடாமல் தப்பிப்பது எப்படி?

கேமரா வாங்கிய எல்லோருக்கும் ஓர் ஆபத்து உண்டு. கொஞ்சம் அசந்தால் என்றைக்காவது ஒரு நல்ல படத்தை எடுத்துத் தொலைத்துவிடுவோம். ஒன்று போதும், பிறகு சொந்தத்தில் காதுகுத்து, சீமந்தம் எதுவானாலும் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்த பிறகு நாம் மட்டும் கேமராவோடு நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். இந்த விபத்திலிருந்து தப்ப விரும்புகிறவர்களுக்காக, தேர்ந்த புகைப்படக்காரர்கள் செய்கிற காரியங்களைக் கவனித்து, அவற்றுக்கு நேர் எதிரான யோசனைகளைக் கீழே தந்திருக்கிறேன்.

முதலில் கருவி. படம் சரியாக வரவில்லையென்றால் குறை லென்ஸில்தான் என்று உறுதியாக நம்புங்கள். நம்பிக்கை தளரும்போதெல்லாம் இன்னொரு லென்ஸ் வாங்குங்கள். தவணை வசதி இருக்கிறது. ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு சின்ன லைக்கா கேமராவும் 50 மில்லிமீட்டர் லென்ஸுமாகவே ஓட்டிவிட்டார். அதன் பளபளப்பு யார் கண்ணிலும் படக் கூடாதென்று மேலே கறுப்பு டேப் வேறு ஒட்டிக்கொண்டார். இதில் என்ன கௌரவம்? கம்பெனிப் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும் பட்டையை நீங்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

நம்மூரிலும் இப்படி ஒருவர் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். எக்ஸ்சேஞ்சில் எந்தக் கடைக்காரரும் எடுத்துக்கொள்ள மாட்டார் என்னும்படியான ஒரு கேமராவை, வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே ஒப்பேற்றிக்கொண்டு, முதுமலைக் காட்டில் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். பத்மஸ்ரீயும் கொடுத்தார்கள். அவர் செய்த தவறு, யானையைப் பற்றித் தெரிந்துகொண்டதுதான். அது எப்போது சாதுவாக நிற்கும், எப்போது நிற்காது என்றெல்லாம் காட்டில் அலைந்து பார்த்துப் பல ஆண்டுகளை வீணடித்தார். அந்த நேரத்தில் இரண்டு சென்சார்களை ஒப்பிடும் வீடியோக்கள் எத்தனையோ பார்த்திருக்கலாம்.

அடுத்தது ஊர். உங்கள் தெருவில் படமெடுக்க ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டிவிடுங்கள். படம் என்பது லடாக்கில்தான் கிடைக்கும். லீவு கிடைக்கும்வரை கேமரா பீரோவில் இருக்கட்டும். சால் லைட்டர் என்பவர் நியூயார்க்கில் தான் குடியிருந்த பகுதியிலேயே மழைநீர் வழியும் கண்ணாடியையும் குடை பிடித்துப் போகிறவர்களையும் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டிருந்தார், பல சமயம் காலாவதியான ஃபிலிமில். விமான டிக்கெட்டுக்குக் காசில்லை போலும்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவே பார்க்காதீர்கள். திறமைசாலிகளுக்கு இது ஒரு வியாதி. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் ஜன்னல் எந்தப் பக்கம் என்று தேடுவார்கள். பாட்டியை நாற்காலியோடு தூக்கித் திண்ணை நிழலுக்குக் கொண்டுபோவார்கள். உங்களுக்கு மெரினாவில் உச்சி வெயில் உகந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள் விழும், கண்ணை மூடிவிட்டார் என்ற புகாரும் வராது.

இந்த வியாதி முற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸின் கதையே சாட்சி. 1941-இல் ஒரு நாள் அந்தி நேரம். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர் வழியாகக் காரில் வருகிறார். வானத்தில் நிலா, கீழே சின்ன தேவாலயம், கல்லறைச் சிலுவைகள்மேல் மறையப்போகும் சூரியனின் கடைசி வெளிச்சம். காரை நிறுத்தி, முக்காலியைப் பரப்பி, பெரிய கேமராவை ஏற்றிவிட்டுத் தேடினால் வெளிச்சம் அளக்கும் மீட்டரைக் காணோம். வேறொருவராக இருந்தால் இதுதான் சாக்கு என்று காரைக் கிளப்பியிருப்பார். இவருக்கு நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்ற எண் மனப்பாடம். மனக்கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இன்னொன்று எடுக்கலாம் என்று ஃபிலிம் தட்டைத் திருப்புவதற்குள் சிலுவைகள்மேல் இருந்த வெளிச்சம் போய்விட்டது. அதோடும் விட்டாரா? அந்த ஒரே நெகடிவை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் இருட்டறையில் திரும்பத் திரும்பப் பிரதி போட்டு, வானத்தை மேலும் மேலும் கறுப்பாக்கிக்கொண்டிருந்தார். நிலாவின் பிரகாசத்தை மனப்பாடம் செய்கிற மனிதருக்கு வேறு என்னதான் பொழுதுபோக்கு இருக்கும்? நீங்கள் டயலை ஆட்டோவில் வைத்து அப்படியே மறந்துவிடுங்கள்.

மனிதர்களை எடுக்கும்போது "சிரிங்க" என்று சொல்லுங்கள். எல்லோரிடமும், துக்க வீட்டிலும்கூட. அப்போதுதான் எல்லா முகமும் ஒரே மாதிரி வரும். 1941 டிசம்பரில் ஒட்டாவா நாடாளுமன்றக் கட்டடத்தில் யூசுப் கார்ஷ் என்ற புகைப்படக்காரருக்கு வின்ஸ்டன் சர்ச்சில் கிடைத்தார். கார்ஷ் சிரிக்கச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிட்டே போய் அவர் வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டார். சர்ச்சில் முறைத்தார். அந்த முறைப்புதான் படம். இங்கிலாந்தின் ஐந்து பவுண்டு நோட்டில் இருப்பதும் அதே முகம். பெரிய மனிதர்களிடம் இந்தத் துணிச்சல் நமக்கு வேண்டாம்.

எடுத்ததையெல்லாம் அன்றைக்கே, முடிந்தால் மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன்பே, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். ஒரே போஸில் 20 இருந்தால் இருபதையும். கழித்துக்கட்டுவது கல்நெஞ்சக்காரர்கள் வேலை. நியூயார்க் தெருக்களில் சுற்றிய கேரி வினோகிராண்ட், எடுத்த ஃபிலிமைக் கழுவாமல் ஓராண்டுக்கும் மேல் போட்டு வைப்பார். எடுத்த அன்றைய குஷி வடிந்த பிறகு பார்த்தால்தான் எது தேறும் என்று தெரியுமாம். 1984-இல் அவர் இறந்தபோது கழுவாத சுருள்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. உங்கள் குஷியை அப்படியெல்லாம் வடியவிடாதீர்கள்.

கல்யாண வீடு தனிப் பாடம். தாலி ஏறும் நேரம் சில நொடிகள்தான். கூலி பேசி அழைத்து வந்திருக்கும் போட்டோகிராபர், தொழில் தெரிந்தவராக இருந்தால், விடிகாலையிலேயே புரோகிதரிடம் போய் நிற்பார். "சாமி, பொண்ணு அப்பா மடியில உக்காருமா? மாப்பிள்ளை நின்னு கட்டுவாரா, உக்காந்தா?" மேடை விளக்கு மஞ்சள், பின்னால் எல்இடி நீலம், வீடியோக்காரர் விளக்கு வெள்ளை, இந்த மூன்றுக்கும் நடுவில் மணப்பெண் முகம் என்ன நிறத்தில் வரும் என்று பார்த்து வைத்திருப்பார். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சபையைச் சுற்றும்போதே இடம் பிடித்துவிடுவார். நாதஸ்வரக்காரர் பக்கம் புரோகிதரின் கை உயரும்போது இவர் விரல் ஷட்டர்மேல் இருக்கும். தாலியோடும் முடியாது. மூன்றாவது முடிச்சுக்குக் குனிகிற நாத்தனார் ஒரு படம். உடனே திரும்பினால் தூணோரம் கண்ணைத் துடைக்கிற பெண்ணின் சித்தப்பா. அவர் அழுகிற ரகம் என்று காலையில் காபி குடிக்கும்போதே கணக்குப் போட்டு வைத்திருப்பார்.

இவ்வளவு வேவு பார்ப்பது ஒரு விருந்தாளிக்கு அழகல்ல. நீங்கள் கெட்டிமேளம் கேட்டதும் மெதுவாக எழுந்தால் போதும். பெரியப்பாவின் முதுகும் அட்சதையும் கட்டாயம் கிடைக்கும். அதையும் தவிர்க்க வேண்டுமா, அந்த நொடியில் முந்தைய படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருங்கள்.

யோசனைகள் இவ்வளவுதான். ஒரு விண்ணப்பம் மட்டும் உண்டு. கெட்டிமேளம் கொட்டும்போது செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் போட்டோகிராபருக்குக் குறுக்கே போய் நிற்காதீர்கள். ஆல்பத்தில் தாலி கட்டும் படம் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.