கிங்ஸ் சர்க்கிள் தேர்வுக் குழு

மும்பையில் கால்பந்து அணியைப் பயிற்சியாளர் தேர்வு செய்கிறார் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால், அது உங்கள் நல்ல மனசு. தேர்வு நடப்பது மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில், கஃபே மெட்ராஸ் வாசலில், பெயர் கொடுத்துவிட்டுக் காத்து நிற்கிறவர்களின் கூட்டத்தில். உள்ளே இடம் கிடைத்துவிட்டால் பேச வழியில்லை. ரசம் வடையைத் தின்றோமா, காபியைக் குடித்தோமா, எழுந்தோமா என்று இருக்க வேண்டும். ஆகவே கோல்கீப்பர் முதல் மாற்று ஆட்டக்காரர் வரை எல்லாரையும் நடைபாதையிலேயே முடித்துவிடுவோம்.

குழுவில் மூன்று பேர். மாட்டுங்கா மாமா, ரயில்வேயில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். கூப்பரேஜ் மைதானத்தில் ரோவர்ஸ் கோப்பை பார்த்த கண் இது என்று கண்ணாடியைக் கழற்றிக் காட்டுவார். தாராவி அண்ணாச்சி, தொண்ணூறடிச் சாலையில் கடை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். இட்லிக்காக வரிசையில் நிற்பதே அவருக்கு அவமானம். விடியுமுன்னே தாராவியில் அவித்து சைக்கிளில் ஊர் பூராவும் கொண்டுபோய் விற்கிறார்கள், அதைவிட்டு இங்கே வந்து நிற்பானேன் என்பது அவர் கட்சி. ஆனாலும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதல் ஆளாக வந்துவிடுவார். மூன்றாவது, செம்பூர் செட்டா நகர்த் தம்பி. புள்ளிவிவரம் இல்லாமல் வாயைத் திறக்கமாட்டான். நான் செயலாளர், அதாவது முடிவுகளைப் பழைய பில்லின் பின்பக்கம் எழுதுகிறவன். எனக்கு ஓட்டு கிடையாது.

முறைப்படி மும்பைக்கு டெர்பி, அதாவது பக்கத்து ஊர் அணியோடு பங்காளி ஆட்டம், என்றால் புனேயோடுதான். 2014 அக்டோபரில், ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய மாதத்திலேயே, மும்பை சிட்டி நெரூல் டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் புனே சிட்டியை 5-0 என்று துவைத்துக் காயப்போட்டது. ஆந்த்ரே மொரிட்ஸ் மூன்று கோல் அடித்தார். அந்த லீகின் முதல் ஹாட்ரிக் அது. இப்படி அமோகமாக ஆரம்பித்த பங்காளிச் சண்டை பேரன் பேத்தி காலம்வரை ஓடும் என்று நினைத்தோம். 2019-ல் புனே அணி கடையைக் கட்டிவிட்டது, அதன் இடத்தில் ஹைதராபாத் வந்தது. பங்காளியே வீட்டைக் காலி செய்துவிட்டால் வரப்புத் தகராறை யாரோடு நடத்துவது? ஊருக்குள்ளேயே ஆள் பிடிக்கலாம் என்றால் 2005-06 தேசிய லீகை வென்ற மஹிந்திரா யுனைடெட் 2010-ல் கலைந்தது. மும்பை எஃப்.சி. 2017-ல் ஐ-லீகின் அடியில் போய் உட்கார்ந்தது, அப்புறம் எழுந்திருக்கவில்லை.

ஆக, மும்பைத் தமிழர்களான நாங்கள் சொந்தமாக ஒரு டெர்பி வைத்துக்கொண்டோம்: மும்பை சிட்டிக்கும் சென்னையின் எஃப்.சி.க்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊரோடு உள்ளூர் டெர்பியா என்று கேட்கிறவர்கள் எங்கள் வீடுகளுக்குள் வந்து பார்க்க வேண்டும். ஹாலில் மும்பை, சமையலறையில் சென்னை. போதாததற்கு, சென்னை அணியின் உரிமையாளர்களில் ஒருவரான அபிஷேக் பச்சன் குடியிருப்பது ஜூஹூவில். மும்பை சிட்டி ஆடும் அந்தேரி மைதானம் அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மும்பை அணியின் பெரும்பங்கோ 2019-ல் மான்செஸ்டர் சிட்டியை வைத்திருக்கும் குழுமத்திடம் போனது. இதில் யார் உள்ளூர், யார் வெளியூர் என்று மாமா ஒருநாள் பென்சிலால் கணக்குப் போட்டார். மீதி வந்துகொண்டே இருந்தது.

2022 நவம்பரில் சென்னையில் நடந்த ஆட்டத்தில் சென்னையின் எஃப்.சி. முதலில் 2-0 என்று முன்னால் போனது. அண்ணாச்சி தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார். ஆட்டம் முடிந்தபோது மும்பை 6, சென்னை 2. அந்த டீக்கான காசை அவர் யாரிடம் வசூலிப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அந்த சீசனின் மறு ஆட்டம் அந்தேரியில். அதற்கு முன்பு கூடிய தேர்வுக் குழு மாதிரி காரசாரமான கூட்டத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் எழுதியதில்லை.

எங்கள் வழக்கப்படி இரண்டு அணிகளையும் நாங்களே தேர்வு செய்வோம். எதிரணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை எதிரணியிடமே விட்டால் சரிப்படாது. சென்னை அணி இரண்டு நிமிடத்தில் முடிந்தது. “போன தடவை ஆடின ஒருத்தனும் வேண்டாம்” என்றார் அண்ணாச்சி. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மும்பை அணியில் வெளிநாட்டுக்காரர் விஷயமும் சீக்கிரம் முடிந்தது. 2014-ல் ஆறு பேர் வரை களமிறங்கலாம், இப்போது நான்கு. நாலு பேரைத் தேர்ந்தெடுப்பது சுலபம், யாரும் நமக்குச் சொந்தமில்லை. இடது பின்களத்துக்கு வந்தபோதுதான் வண்டி நின்றது.

அந்த இடத்துக்கு அந்த ஆண்டு மூன்று பேர் இருந்தார்கள். விக்னேஷ் தட்சிணாமூர்த்தி, சஞ்சீவ் ஸ்டாலின், கோவாக்காரரான மந்தார் ராவ் தேசாய். பந்து உருண்டையா சதுரமா என்று தெரியாதவருக்கும் இந்த மூன்று பெயரைக் கேட்டதும் ஒரு அபிப்பிராயம் வந்துவிடும்.

“தட்சிணாமூர்த்தியைப் போடு. இன்னிக்கு வியாழக்கிழமை வேற” என்றார் மாமா.

“இடது பக்கம்னு வந்துட்டா ஸ்டாலின்தான். இதுல யோசிக்க என்ன வே இருக்கு?” என்றார் அண்ணாச்சி.

தம்பி செல்போனைத் தடவி, ஸ்டாலினுக்கு ஆதரவாக ஒரு உருப்படியான தகவல் சொன்னான். 2017-ல் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில், டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் தலையால் முட்டிப் போட்ட கோல், உலகக் கோப்பை ஒன்றில் இந்தியாவின் முதல் கோல். அதற்கு கார்னர் அடித்துக் கொடுத்தது சஞ்சீவ் ஸ்டாலின்தான். அண்ணாச்சி மார்பை நிமிர்த்தினார், ஏதோ அந்தப் பந்தை இவர்தான் மூலையில் கொண்டுபோய் வைத்தது போல. ஆனால் தம்பி நிறுத்தவில்லை. “ஆனா மாமா, ரெண்டு பேருமே பெங்களூர்க்காரங்க.”

“நாம மட்டும் என்ன மெட்ராஸ்லயா பொறந்தோம்?” என்றார் அண்ணாச்சி. யாராலும் மறுக்க முடியவில்லை. நாங்கள் நாலு பேருமே சயான் மருத்துவமனையில் பிறந்தவர்கள்.

தம்பியின் சொந்த ஓட்டு மந்தாருக்கு. அனுபவம், ஓட்டம், கிராஸ் எல்லாவற்றுக்கும் சதவீதம் வைத்திருந்தான். அதுவரை எதிரும் புதிருமாக நின்ற மாமாவும் அண்ணாச்சியும் சட்டென்று ஒரே பக்கம் சேர்ந்தார்கள். “மந்தார் நல்ல பிள்ளைதான்” என்றார் மாமா. “அதுல சந்தேகமே இல்ல” என்றார் அண்ணாச்சி. அதற்குமேல் இருவரும் ஒன்றும் சொல்லாமல் ஒரே திசையில் பூக்கடையைப் பார்த்தார்கள். நான் எழுதிய ‘மந்தார்’ தானாகவே அடிபட்டுப் போயிற்று.

இப்படிச் சொந்தபந்தம் பார்த்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறோமே, இது நியாயமா என்று கேட்டால், நிஜத் தேர்வுகள் மட்டும் எப்படி நடந்தன என்று பாருங்கள். 2015-ல் நிக்கோலா அனெல்கா மும்பைக்கு ஆட்டக்காரராகவும் இருந்தார், பயிற்சியாளராகவும் இருந்தார். முன்கள வீரரான அவர் முன்கள வீரரைத் தேர்ந்தெடுக்கும்போது மனசாட்சியோடு எவ்வளவு நேரம் விவாதித்திருப்பார்! 2014-ல் சென்னைக்கு மார்க்கோ மாட்டெராசியும் அதே இரட்டை வேடம். அந்த ஏற்பாட்டை மாமா இன்றும் புகழ்வார், ரயில்வேயில் தன் பதவி உயர்வை இப்படித் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்ள முடியாமல் போன வருத்தம் அவருக்கு.

ஒரே ஒரு பெயருக்கு மட்டும் விவாதம் இல்லை. லாலியன்ஜுவாலா சாங்தே. மிசோரம் பையன். சென்னையில் ஆடிக்கொண்டிருந்தவன் 2022 ஜனவரியில் மும்பைக்கு வந்தான். வந்த பிறகு 2022-23-க்கு இந்தியாவின் சிறந்த வீரர் விருதே வாங்கிவிட்டான். “சென்னையில இருந்து ரயிலேறி பம்பாய்க்கு வந்து முன்னுக்கு வந்திருக்கான். நம்ம பயல்தான்” என்றார் அண்ணாச்சி, பெயரை உச்சரிக்க முயலாமலே.

அடுத்த தகராறு, மைதானத்துக்குப் போகும் வழி. மாமாவுக்கு கிங்ஸ் சர்க்கிளில் ஏறினால் ஹார்பர் லைனில் நேராக அந்தேரி. அண்ணாச்சி மாஹிம் போய் வெஸ்டர்னில் ஏறுவார். தம்பி காட்கோபர் வந்து மெட்ரோ பிடித்து ஆசாத் நகரில் இறங்குவான், மைதானம் பக்கத்திலேயே. ஒரே பெட்டியில் சேர்ந்து போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் மெகா பிளாக், தண்டவாளப் பராமரிப்புக்காக ரயிலையே நிறுத்திவிடுவார்கள். அந்தத் தடுப்பைத் தாண்டிப் பந்து கொண்டுபோகும் முன்கள வீரன் இன்னும் பிறக்கவில்லை.

ஆட்டத்தன்று மாலை, தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது இரண்டு அணிகளின் பட்டியலும் வந்தன. எங்கள் பில்லோடு ஒத்துப் பார்த்தேன். ஒத்துப்போன பெயர்கள் எல்லாம் மூவரில் யாரும் தேர்வு செய்யாமல் நானாக இடத்தை நிரப்ப எழுதியவை. மூவரும் அதைப் பார்த்துவிட்டு, “நான் அப்பவே சொன்னேனே” என்றார்கள்.

வாசலில் இன்னொரு சிக்கல். மும்பைக்கும் நீலம், சென்னைக்கும் நீலம். மாமா போட்டிருந்ததோ பேரனின் பழைய மும்பை இந்தியன்ஸ் கிரிக்கெட் ஜெர்சி, அதுவும் நீலம். எந்தப் பக்க ரசிகர், எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று காவலாளி மராத்தியில் கேட்டார்.

மாமா நிதானமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஹாஃப் டைம் வரைக்கும் பொறுங்கோ, சொல்றேன்.”