உயர்திரு நிராகரிப்புப் பிரிவு அவர்களுக்கு

மாட்சிமை பொருந்திய காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் நிராகரிப்புப் பிரிவுக்கு,

என் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த செலவைத் தர மறுத்து நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த ரத்த அழுத்தத்தை அவர் மறைத்துவிட்டாராம். ஆதாரம், நள்ளிரவில் டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் கிறுக்கிய ‘5/12’. அதை ஐந்து முதல் பன்னிரண்டு ஆண்டுகள் என்று வாசித்திருக்கிறீர்கள். டாக்டர்கள் அப்படி எழுதினால் ஐந்து மாதம். பாலிசிக்கோ வயது இரண்டு ஆண்டு. ஆக, இனிமேல் வரப்போகும் நோயை முன்கூட்டியே மறைத்த குற்றவாளி என் அப்பா.

மேல்முறையீட்டுக்கு ஆவணங்கள் கேட்டீர்கள். மொத்தமாகக் கேட்டால் எங்களுக்குப் பொழுது போகாதே என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். முதலில் ஆஞ்சியோகிராம் சிடி, பிறகு ஸ்டென்ட் பெட்டியின் ஸ்டிக்கர். ஸ்டென்டையே கழற்றி அனுப்பச் சொல்லாத கருணைக்கு நன்றி.

இத்துடன் இணைத்திருப்பவை:

1. ‘5/12 என்றால் ஐந்து மாதம்’ என்று இதய மருத்துவர் கையெழுத்து, முத்திரை, பதிவு எண்ணுடன் கொடுத்த சான்று.

2. பி.பி. மாத்திரை முதன்முதலில் எழுதப்பட்ட சீட்டு, தேதியுடன்.

3. முழு கேஸ் ஷீட் நகல். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்ற 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதியைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்த பிறகே ரெக்கார்ட்ஸ் அறை திறந்தது.

4. பாலிசி தருமுன் நீங்களே ஆள் அனுப்பி எடுத்த பரிசோதனை அறிக்கை. ரத்த அழுத்தம் 124/80. இதை மறைத்தது யார்?

ஒரு சந்தேகம். ஆவணங்களைப் பாலிசிதாரரிடம் கேட்காமல் மருத்துவமனையிடமிருந்து நீங்களே பெற வேண்டும், மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்கிறது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே மாதச் சுற்றறிக்கை. அது உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்ததா, இல்லை அதற்கும் ஒரிஜினல் வேண்டுமா?

ஒரு மாதத்தில் நல்ல பதில் வராவிட்டால், இதே ஆவணக் கட்டு சென்னை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகும். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. உத்தரவு வந்தால் 30 நாளுக்குள் நீங்கள் பணம் கொடுத்தாக வேண்டும்.

இப்படிக்கு,
பிரீமியம் கட்டும்போது ஒரு கேள்வியும் கேட்காத பாலிசிதாரரின் மகன்