பற்றாக்குறையார்

கன்டோன்மென்ட் ஊர் எதுவானாலும் சரி, "ஜி.இ. ஆபீஸ்" என்றால் ஆட்டோக்காரர் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். கேரிசன் இன்ஜினியரின் அலுவலகம் அது. ராணுவத்துக்குக் குடியிருப்பு, ஆஸ்பத்திரி, கிடங்கு, ஓடுபாதை எல்லாம் கட்டிப் பராமரிக்கிற எம்.இ.எஸ். என்னும் மிலிட்டரி இன்ஜினியர் சர்வீசஸ், 1923 செப்டம்பர் 26-இல் பிறந்த நூறு வயசுத் துறை. கட்டுகிறவர் காண்டிராக்டர். கட்டுவதைப் பார்ப்பதும் அளப்பதும் பில் போடுவதும் ஆபீஸ். அப்படிப் பார்ப்பதற்கு எத்தனை பேர் வேண்டும்? இந்த ஒரு கேள்வியை வைத்தே முப்பது வருஷம் ஓட்டிவிட்ட ஒருவர், எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்ஷனில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பற்றாக்குறையார் என்பது நான் வைத்தது.

சட்டைப்பையில் மூன்று பேனா. இருக்கிற ஆட்களை எழுத நீலம், இல்லாத ஆட்களை எழுத சிவப்பு. பச்சை மை அதிகாரிகளுக்கு உரியது. என்றைக்காவது வாய்க்கும் என்று அதையும் சும்மா சுமக்கிறார். "சௌக்கியமா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆத்தரைஸ்டு பதினாலு, ஹெல்டு ஒன்பது, டெஃபிஷியன்ட் அஞ்சு" என்பார். உடம்பைக் கேட்டோம் என்பது அவர் காதில் ஏறாது. வீட்டிலும் இதே பாஷைதான். தட்டில் நாலு இட்லி விழுந்தால், "ரெண்டு டெஃபிஷியன்ட்" என்பார். "மாவு அவ்வளவுதான் சாங்ஷன்" என்று அம்மையாரும் பதில் சொல்லப் பழகிவிட்டார்.

அவர் கணக்கு போடும் விதமே தனி. எத்தனை ஆள் வேண்டும் என்பதை அவர் வேலையை வைத்துப் பார்ப்பதில்லை, ரூபாயை வைத்துப் பார்ப்பார். இந்த வருஷம் இத்தனை கோடிக்கு வேலை, ஆகவே இத்தனை ஜே.இ. என்னும் ஜூனியர் இன்ஜினியர், இத்தனை குமாஸ்தா. ஒரு கோடி ரூபாய்க்கு ஜெனரேட்டர் வந்து இறங்கினால் ஒரு நாள் சோதனை, நாலு கையெழுத்து, முடிந்தது. அதே ஒரு கோடிக்கு இருநூறு குவார்ட்டர்ஸில் கதவு, குழாய், ஒழுகுகிற மொட்டைமாடி என்று ரிப்பேர் பார்த்தால் இருநூறு வாசல்படி ஏறி இறங்க வேண்டும். இருநூறு வீட்டம்மாக்களின் வாயிலும் விழ வேண்டும். பற்றாக்குறையார் ரிஜிஸ்டரில் இரண்டும் ஒரே ஒரு கோடி. சிமென்ட் விலை ஏறினால் ஊரே முணுமுணுக்கும். அவர் முகம் மட்டும் மலரும். மூட்டை அதேதான், சுவர் அதேதான், வேலைப்பளு மட்டும் தானாக ஏறிவிடுகிறது!

"அமெரிக்காக்காரனே இப்படித்தான் சார்" என்று அவர் சொல்வதிலும் உண்மை உண்டு. அங்கே உள்நாட்டு ராணுவக் கட்டுமானத்தில் மேற்பார்வை, ஆய்வு, ஆபீஸ் செலவு என்று ஒப்பந்தத் தொகையில் நூற்றுக்கு 5.7 வீதம் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். கட்டடம் எவ்வளவு உசத்தியோ, பார்ப்பதற்கான பணமும் அவ்வளவு.

இந்தச் சூத்திரத்தை மகள் கல்யாணத்திலும் அவர் பிரயோகம் செய்தார். பந்தி பரிமாற எத்தனை பேர் என்று சமையல்காரர் கேட்டதும், மளிகைச் சீட்டை வாங்கிக் கூட்டிப்பார்த்தார். முந்திரி, பாதாம், குங்குமப்பூ விழுவதால் பாயசம்தான் அதிகச் செலவு. எனவே பாயசத்துக்கு நாலு பேர். சாம்பாருக்கு ஒருத்தன். முதல் பந்தியில் சோறு விழுந்து காய்ந்து கிடக்க, "சாம்பார், சாம்பார்" என்று மண்டபமே கூவியது. பாயசக்காரர்கள் நால்வரும் வாளியோடு சுவரில் சாய்ந்து நின்றார்கள். சமையல்காரர் பொறுமையாகத்தான் சொன்னார்: "சார், மளிகை பில்லை ஏன் பாக்கறீங்க? எத்தனை இலை போட்டிருக்குன்னு பாருங்க." பற்றாக்குறையார் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. நீலத்திலும் சேராது, சிவப்பிலும் சேராது.

ஆபீஸில் இலை என்பது குழி. ஒரு காட்சி சொல்கிறேன். கம்பி கட்டி முடிந்த அஸ்திவாரக் குழி. கான்கிரீட் கொட்டி மூடிவிட்டால் உள்ளே இருப்பது பன்னிரண்டு எம்.எம். கம்பியா, பத்தா, கவர் பிளாக் வைத்தார்களா என்பதெல்லாம் கடவுளுக்கும் மேஸ்திரிக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். அதனால் மூடுவதற்கு முன்னால் ஜே.இ. குனிந்து பார்த்துக் கையெழுத்து போட வேண்டும். முப்பது கன மீட்டர் கான்கிரீட் என்றால் மூன்று மாதிரி, மாதிரிக்கு மூன்று கட்டி வார்த்து, இருபத்தெட்டு நாள் கழித்து நசுக்கிப் பார்க்க வேண்டும். பிளான்ட்டில் ஏற்றிய கலவை இரண்டு மணி நேரத்துக்குள் வந்து இறங்க வேண்டும் என்பதும் விதி. லாரி வந்து நிற்கிறது, டிரம் சுற்றுகிறது. ஜே.இ. தம்பி எங்கே?

ஆபீஸில். ஆள் தேவையை மதிப்பிடும் புரொஃபார்மா மேலிடத்திலிருந்து வந்திருக்கிறது. "உடனடி" என்று சிவப்புச் சீட்டு வேறு. ஏழாவது கட்டம்: 'தினமும் வேலைத்தளத்தில் செலவிடும் நேரம்.'

"இன்னைக்கும் சேர்த்துப் போடணுமா சார்?" என்றான் தம்பி.

அவன் போனில் மேஸ்திரி அலறினார்: "சார், வண்டி வந்து முக்கா மணி நேரம் ஆச்சு!"

பற்றாக்குறையார் மேஜையைத் தட்டினார். "பாத்தியா தம்பி? ஆள் பத்தலைன்னு நான் சொன்னா எவன் கேக்கறான்? இதையும் ரிமார்க்ஸ்ல எழுது. ரெண்டு காப்பி."

தம்பி ரெண்டு காப்பியும் எழுதிவிட்டுத்தான் பைக்கை உதைத்தான். அவன் பொறுப்பில் இப்படி மூன்று குழிகள், மூன்று திசையில்.

ஆபீஸ் ஆள் பெருகும் விதத்தைப் பற்றி பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1955-இல் ஒரு கட்டுரை எழுதினார். பிரிட்டிஷ் கடற்படையில் 1914-இல் 62 பெரிய போர்க்கப்பல்கள். 1928-இல் அது 20 ஆகச் சுருங்கியது. தலைமை அலுவலக அதிகாரிகளோ 2,000 பேரிலிருந்து 3,569 பேராகப் பெருகினார்கள். உலகம் அதைக் கேலி என்று படித்துச் சிரித்தது. பற்றாக்குறையார் முன்னுதாரணம் என்று படித்து, ஃபைலில் கோத்து வைத்திருக்கிறார்.

அவர் ஆடிப்போனது ஒரே தடவைதான். 2020 மே மாதம் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், எம்.இ.எஸ்.-இல் 9,304 பணியிடங்களை ஒழிக்க ஒப்புதல் தந்தார். அடிப்படை, தொழிலாளர் நிலைகளில் ஆளில்லாமல் கிடந்த இடங்கள் அவை. காலியாக இருந்ததாகச் சொல்லப்பட்ட மொத்தக் கணக்கு 13,157. ஒருவர் வீட்டிலும் அடுப்பு அணையவில்லை, ஒருவரும் புதிதாக வேலைக்குச் சேரவும் இல்லை. ஆனால் பற்றாக்குறை மட்டும் ஒரே கையெழுத்தில் 3,853 ஆகிவிட்டது. வருஷக்கணக்கில் சிவப்பு மையில் சேர்த்த சொத்து. அன்று அவர் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

நாலே நாளில் தேறிவிட்டார். ராணுவச் செலவைச் சீரமைக்க அமைந்த ஷேகட்கர் குழுவின் பரிந்துரைப்படி, வேலையில் ஒரு பங்கைத் துறை ஆட்களும் மறு பங்கை வெளியாட்களும் செய்யலாம் என்பது ஏற்பாடு. வெளியாள் என்றால் டெண்டர் விட வேண்டும், அளவெடுக்க வேண்டும், பில்லைச் சரிபார்க்க வேண்டும். குழாய் மாற்ற ஒருவன் போதும். அவன் மாற்றினானா என்று பார்க்க? பற்றாக்குறையார் சிவப்புப் பேனாவைத் திறந்து, ஆள் கேட்டுப் புது 'ஸ்டேட்மென்ட் ஆஃப் கேஸ்' ஒன்றை ஆரம்பித்தார்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆள் நிஜமாகவே பற்றவில்லை. ஆனால் எங்கே பற்றவில்லை என்பதை அறிய குழியடிக்குப் போக வேண்டும். அவருக்கு முட்டி வலி. எத்தனை கோடி என்பதை விட்டுவிட்டு, ஒரே நேரத்தில் எத்தனை குழி திறந்து கிடக்கிறது, ஒன்றுக்கும் மற்றதற்கும் எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணியிருந்தால் கணக்கு அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும். அரைப் பக்கத்தை எந்த மேலிடம் மதிக்கும்?

போன மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார். சந்தன மாலை, பொன்னாடை, சுவர்க் கடிகாரம். ஏற்புரையிலும் மூன்று எண்களைத்தான் சொன்னார். கடைசி எண்ணில் தன்னையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார். மறுநாள் காலை, வேறு ஏற்பாடு ஆகும்வரை கூடுதல் பொறுப்பு என்று ஜே.இ. தம்பியை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். புரொஃபார்மாவுக்கு நாள் கடந்துவிட்டதாம்.

குழிகள் மூன்றும் திறந்துதான் கிடக்கின்றன.